கிளைவின் கண்டுபிடிப்புகள்

“என் மகளுக்கு நீ எதையாவது சொல்லிக்கொடுக்கக் கிளம்பினால்…” என்று கல்யாண விருந்தில் எழுந்து நின்று மாமனார் ஏதோ சொன்னார். மிச்சம் கைதட்டலில் போய்விட்டது. முப்பத்தொரு வருஷமாக கிளைவ் சட்கிளிஃபுக்கு அந்தப் பாதிதான் நினைவு.

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வோடு வாயும் ஓய்ந்துபோனது. சாப்பாட்டு மேசையில் அவரும் மனைவி லொரெய்னும் உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்படியே போனால் உப்புக் குப்பிதான் முதலில் பேசும் என்று கிளைவுக்குப் பயம் வந்தது. அன்றைக்கே சபதம் எடுத்தார்: வாரம் ஒரு புதுப் பாட்டைப் பிடித்து வந்து மனைவியை அசத்துவது!

பித்தளை வாத்தியக் குழுவைத் தாண்டி எதுவும் கேட்டறியாத மனிதர். ஆனால் ஞாயிறு மூன்று மணிக்கு வானொலியில் ஓவன் என்றொருவர், உள்ளூரிலிருந்து உலகம் வரை புதுப் பாட்டாகப் போடுவார். தோட்டத்து ஷெட்டில் ஒளிந்து கேட்பார் கிளைவ். பழைய தபால் உறையின் முதுகில் பெயரைக் குறித்துக்கொண்டு, பிறகு சாப்பாட்டு மேசையில் போனில் போட்டுக் காட்டுவார். ரேடியோ சத்தமே லொரெய்னுக்குத் தலைவலி என்பது எவ்வளவு வசதி!

“இந்தப் பொண்ணு பாடுறதக் கேளு. ஃபின்லாந்து. நானே தேடிப் பிடிச்சேன்.”

“எஸ்டோனியா மாதிரி இருக்கே.”

“உனக்கென்ன தெரியும்?”

“அதுவும் சரிதான். எங்க தேடின?”

“இங்க அங்க. அதுக்கெல்லாம் தனிக் காது வேணும்.”

“உனக்கு ரெண்டு இருக்கே, ராசா!”

கிளாஸ்கோ பையன்கள், மாலி நாட்டு நரம்பிசை என்று வாரம் ஒன்றாகப் போனது. மேசையில் பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. கிளைவ் இரண்டு அங்குலம் உயர்ந்தே நடந்தார்.

ஏழாவது ஞாயிறு. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஓவன் சொன்னார்: “எஸ்டோனியா, கிளாஸ்கோ, மாலி… இதெல்லாம் போடச் சொல்லி எழுதினது ஒரே நேயர். பேர் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தவங்க, இன்னிக்குச் சொல்லலாம்னுட்டாங்க. ஹாலிஃபாக்ஸ் லொரெய்ன். அவங்க எழுதுறாங்க: ‘நான் கேளுன்னா என் வீட்டுக்காரர் கேக்கமாட்டார். நீங்க போட்டா ஷெட்டுல ஒளிஞ்சு கேட்டுட்டு வந்து, எனக்கே பாடம் எடுப்பார். கல்யாணம் ஆனதிலேர்ந்து அவர் இவ்வளவு பேசினதில்ல. ரொம்ப நன்றி ஓவன். அடுத்த பாட்டு அவருக்கு. கிளைவ், முடிஞ்சதும் உள்ள வா, கிரேவி ஆறுது.’”

கிளைவ் பாட்டை முழுசாகக் கேட்டார். எழுந்து போக வெட்கமாக இருந்தது. போகாமலிருக்கவும் மனம் வரவில்லை. உள்ளே போனார்.

“ரேடியோன்னா தலைவலின்னியே?”

“ஆமா. நீ ஷெட்டுக்குப் போனதும் சரியாயிடும். காதுல மாட்டிக்கிட்டு இங்கேயே கேப்பேன்.”

“ஏழு வாரமா என்னை முட்டாளாக்கியிருக்க.”

“ஏழு வாரமா நீ என்கூட பேசியிருக்க. அதுக்கு நான் இன்னும் நாப்பது லெட்டர் எழுதுவேன்.”

கிளைவ் உட்கார்ந்து கிரேவியை ஊற்றிக்கொண்டார்.

“இப்போ கடைசியா வந்த போர்ச்சுகல் அம்மா நல்லாத்தான் பாடினாங்க.”

“கேப் வெர்ட், கிளைவ்.”

அடுத்த ஞாயிறு ஷெட்டைப் பூட்டிவிட்டு, மூன்று மணிக்குச் சமையலறையில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவுவது என்று கிளைவ் முடிவு செய்தார்.