நாவலில் குதிரை கிடையாது

மூலநூல் காவலர் என்றொரு இனம் உண்டு. தியேட்டர் இருட்டில்தான் இது கண் விழிக்கும். ஒரு நாவலைப் படமாக்கிவிட்டார்கள் என்று சுவரொட்டி சொன்னால் போதும், நாவலைக் காப்பாற்றும் பொறுப்பை யாரோ எழுதிக் கொடுத்தது போல இந்தக் காவலர் முதல் வாரமே புறப்பட்டுவிடுவார். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பின் சண்முகசுந்தரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பத்தாறில் வந்த ஒரு ராஜா காலத்துப் படத்தின் மூல நாவலைக் கரைத்துக் குடித்தவர். நாவலின் நாயகன் கோயில் கணக்கர், இருமல்காரர், பல்லக்கில் ஏறினாலே தலை சுற்றுகிறவர். படத்திலோ அவன் வாளை வாயில் கவ்விக்கொண்டு கோட்டை மதிலிலிருந்து வெள்ளைக் குதிரை மேல் குதிக்கிறான். வயிறு எரியுமா, எரியாதா?

மனைவி கஸ்தூரி முன்பே எச்சரித்திருந்தாள். பெண்கள் வரிசை சின்னது என்பதால் எல்லாருக்கும் அவள்தான் டிக்கெட் எடுப்பாள். "இன்னைக்கு வாயத் தொறந்தீங்க, அடுத்த தடவை உங்க டிக்கெட்ட நீங்களே எடுத்துக்குங்க."

இடைவேளை வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் வில்லன் நாயகியை அகழியில் தள்ளினான். கஸ்தூரி முந்தானையை வாயில் அடைத்து விசும்பினாள். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி "ஏசுவே!" என்றாள். அரங்கமே மூச்சைப் பிடித்திருந்தபோது தூரத்தில் குளம்புச் சத்தம். சண்முகசுந்தரம் எழுந்தே விட்டார்.

"குதிரையெல்லாம் வராது! அவ இங்கேயே செத்துப்போறா! அம்பத்தேழாம் அத்தியாயம்!"

"யோவ் அண்ணாத்தே, குந்துய்யா!" என்றது பின் வரிசை. "அந்தப் பொண்ணு பொழச்சா உனக்கு இன்னா நஷ்டம்?"

நியாயமான கேள்வி. குதிரை வந்தது. அவள் பிழைத்தாள். விசில் பறந்தது. கஸ்தூரி மட்டும் எழுந்து ஞானசௌந்தரிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு குடியிருப்பே மறுபடி அதே படத்துக்குக் கிளம்பியது. அவரும்தான். குற்றம் கண்டுபிடிக்கவா? இல்லை. கோபத்தில் அந்தக் குதிரையைச் சரியாகப் பார்க்கவில்லையாம்.

கஸ்தூரி சொன்னபடியே செய்தாள். ஆண்கள் வரிசையின் கம்பிக் கூண்டில் நசுங்கி, சட்டைப் பித்தானைப் பறிகொடுத்து, அவர் கவுண்டரை எட்டிய நேரம் ஹவுஸ்ஃபுல் பலகை மாட்டினார்கள். வீட்டுக்குப் போனாரா? தியேட்டர் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் உள்ளே குளம்புச் சத்தம் எழுந்ததும், பக்கத்துச் சோடாக் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொழச்சிடுவா, பாருங்க!"

ஆவடியில் பெண்கள் வரிசை ஒருநாளும் அவ்வளவு சின்னதாக இருந்ததில்லையே என்று இதற்குள் உங்கள் வாய் திறந்துவிட்டதா? அப்படியானால் நீங்களும் அந்த இனம்தான். எதற்கும் உங்களுக்கு டிக்கெட் எடுப்பவரிடம் இன்றைக்கே நல்லவிதமாகப் பேசிவையுங்கள்.