வெள்ளத்தாயி விமானத்தில் வந்த கதை

விமான நிலையம் கட்டிய பிறகும் காடு என்றே சொல்லப்பட்ட ஒரு காட்டில், வெள்ளத்தாயி என்றொரு நாரை இருந்தாள். உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்க்க, நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த மேட்டுக்காட்டுக்குப் போயிருந்தாள். அங்கே காலை ஆறு மணிக்கு அவள் கணவன் சுடலைமுத்துவிடமிருந்து போன் வந்தது.

"முட்டை ரெண்டும் விரிசல் விட்டிருச்சு. சாயங்காலத்துக்குள்ள குஞ்சு வந்திரும்."

அந்தக் குலத்துக் குஞ்சுகள் கண் திறந்ததும் முதலில் பார்க்கும் முகத்தையே அம்மா என்று பிடித்துக்கொள்ளும். வெள்ளத்தாயி பதறிப்போய் இறக்கையை விரித்தாள்.

"நில்லுங்க மேடம்," என்றது டிராவல்ஸ் நடத்தும் நரி. "சொந்த இறக்கையில எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

"விமானத்துல இருபத்தஞ்சு நிமிஷம்."

வெள்ளத்தாயி இறக்கையை மடக்கிக்கொண்டாள்.

விமானம் ஒன்பதரைக்கு. ஏழரைக்கே மேட்டுக்காட்டு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குப் பறவைகள் பறக்கத் தடை என்பதால், கழுதைப்புலியின் ஆட்டோவில் போய் இறங்கினாள். சோதனை வாசலில் கீரி அவளை மறித்தது.

"அலகு கூர்மையான பொருள். இப்படியே உள்ள விட முடியாது."

"இது என் வாய்ங்க!"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க," என்ற கீரி, அலகைத் துணியால் சுற்றி டேப் ஒட்டிச் சீட்டும் கட்டியது.

ஒன்பதரைக்கு அறிவிப்பு வந்தது. ஓடுபாதையில் பறவை நடமாட்டம். விமானம் மூன்றரை மணி நேரம் தாமதம். காத்திருந்த விலங்குகள் எல்லாம் அவளை முறைத்தன.

"உங்க ஆளுங்கதானே?" என்றது முள்ளம்பன்றி. அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. முட்டைகளை நினைத்து நினைத்து, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தாள்.

ஒரு மணிக்குக் கிளம்பிய விமானம், சொன்னபடியே இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கியது. டேப்பைப் பிரிக்கும் வரிசையில் ஒரு மணி நேரம் போயிற்று. அந்த விமான நிலையத்துக்கு அவள் கூடு கட்டியிருந்த குளத்தின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். குளமோ அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். தடை எல்லைவரை நடந்து, பிறகு உயிரைக் கொடுத்துப் பறந்து, ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தாள்.

கூட்டில் சுடலைமுத்து இல்லை. விமானத்தில் வருகிறவளை வரவேற்கப் போகாமல் இருக்கலாமா என்று, மதியமே விமான நிலையத்துக்குப் போய் வேறொரு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

குட்டை மரத்துக் கூட்டில் இரண்டு குஞ்சுகள். பக்கத்தில் ஓர் எருமை.

"கழுத்து அரிச்சுது, மரத்துல தேய்ச்சுக்கலாம்னு வந்தேன் தாயி," என்றது எருமை, கண் கலங்க. "அப்பதான் ஓடு உடைஞ்சது. நகர்ந்தா அழுவுதுங்க."

வெள்ளத்தாயி மெல்லக் கிட்டே போனாள். குஞ்சுகள் மிரண்டு எருமையின் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"அம்மா, யாரு இந்த ஆன்ட்டி?"

எருமை தலையை ஆட்டாமல் சொன்னது: "வெளியூர்லேருந்து வர்றாங்க கண்ணு. விமானத்துல."

"விமானத்துலயா!"

நாலு கண்களும் விரிந்தன. வெள்ளத்தாயி அலகால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தை நிமிர்த்தினாள்.

"ஆமா," என்றாள். "ஜன்னல் ஓரம்."

நீதி: அம்மாவாக யார் வேண்டுமானாலும் ஆகிவிடலாம், ஜன்னல் ஓர சீட் எல்லோருக்கும் கிடைத்துவிடாது.