பொருள்: தங்கள் டிராக்டரின் பிரேக் குறித்து

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் டிராக்டரும் நலம். நீங்களும் என் மகளும் நலமாயிருக்க விரும்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க விரும்புகிறேன். போனில் சொன்னால் எதுவும் பதிவில் நிற்காது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர்வீட்டு வாத்தியாரின் வேலி தானாகச் சாய்ந்துவிட்டது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா, அது அவ்வளவு சரியான தகவல் அல்ல. வண்டியை அவ்வப்போது ஓடவிட வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள், ஓடவிட்டேன். நன்றாக ஓடியது. நிற்கத்தான் இல்லை. மிதித்த மிதியில் பெடல் அடித்தட்டைத் தொட்டது, வண்டி வேலியைத் தொட்டது. வாத்தியார் வெளியே வந்து, "பாதி வந்துட்டீங்க, அப்படியே உள்ள வாங்க சார்" என்றார். அடுத்த மாதம் பழைய வண்டிகளின் அணிவகுப்பில் பிரேக் இல்லாத வண்டியை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களாம். உங்கள் அப்பா நாற்பது வருடம் உட்கார்ந்த இருக்கையில் நீங்கள் உட்கார்ந்து போக எவ்வளவு ஆசைப்படுகிறீர்கள் என்று மகள் சொன்னாள். என்னை நம்பி விட்டுப் போன வண்டி என்னால் திரும்பி வந்தால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

முனைக்கடை மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அச்சுல இருந்து எண்ணெய் கசிஞ்சு பிரேக் லைனிங் ஊறிக் கிடக்கு. எண்ணெய்க் கையால எதைப் பிடிச்சாலும் வழுக்கத்தானே செய்யும்? கசிவை அடைச்சுட்டுப் புது லைனிங் ஒட்டித் தர்றேன். ஆனா மாட்ட ஆள் இல்ல, அறுவடை முடியட்டும்" என்றான். அதற்குள் அணிவகுப்பே முடிந்துவிடும் என்றேன். "அப்போ நீங்களே மாட்டிக்குங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் கழட்டிடாதீங்க. கழட்டாத பக்கத்தைப் பார்த்துத்தான் கழட்டின பக்கத்தை மாட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முப்பத்து நான்கு வருடம் ஆவண அறையைக் கட்டி ஆண்ட எனக்கு அவன் வந்து ஒழுங்கு சொல்லித் தருகிறான். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் கழற்றினேன். கழற்றியதையெல்லாம் துடைத்து, உங்கள் அத்தையின் நான்கு பாத்திரங்களில் பெரியவை, நடுத்தரம், சிறியவை, இதர என்று பிரித்து, சீட்டு எழுதி ஒட்டி வைத்தேன். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. உங்கள் அத்தைதான் வந்து பார்த்துவிட்டு, "இதுல எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம்?" என்று கேட்டுத் தொலைத்தாள். அதற்கு நான் தனியாகப் பாத்திரம் ஒதுக்கியிருக்கவில்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டாச்சு, இனிமே குடையுதுன்னு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மெக்கானிக்கிடம் கசிவை அடைத்து, புது லைனிங் ஒட்டி வாங்கி, மூன்று நாள் இடுப்பு ஒடிய மாட்டி முடித்தேன். 'இதர'வில் ஒரே ஒரு ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியது. எந்தக் கோப்பிலும் ஒரு உபரிப் பிரதி இருக்கும், இது அப்படி என்று விட்டுவிட்டேன். அதை உங்கள் அத்தை கொல்லைக் கதவில் மாட்டிக்கொண்டாள். பத்து வருடமாக மூடாத கதவு இப்போது தானாக மூடுகிறது, தெருநாய் அடுப்படிப் பக்கம் வருவதில்லை. "உங்களாலயும் ஒரு பிரயோஜனம்" என்று கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக என்னைப் பாராட்டினாள். இனி மிதித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க அஞ்சலகத்துக்கு அந்த வண்டியிலேயே போகிறேன். ஆகவே பிரேக்கைப் பற்றித் துளியும் கவலை வேண்டாம். அணிவகுப்பு நாளன்று நேராக வந்து ஏறி உட்கார்ந்தால் போதும்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ்ந்து, போக வேண்டிய இடத்துக்குப் போய், நிற்க வேண்டிய இடத்தில் நிற்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பின்குறிப்பு: இதை அஞ்சலக வாசலில், டிராக்டர் மேல் உட்கார்ந்தே எழுதுகிறேன். பிரேக் அருமை. மிதித்த இடத்தில் நின்றது. அந்த இடம் கேட்டின் நட்டநடுவாகப் போய்விட்டது. நான் காலை எடுத்தேன், பிரேக் பிடியை விடவில்லை. அந்த வழியாகப் போன மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "மிதிச்சாப் பிடிக்கும், காலை எடுத்தா ஸ்பிரிங்தானே இழுத்து விடுவிக்கணும்? ஒண்ணைக் காணோமே, எங்க?" என்றான். ஸ்பிரிங்கைக் கேட்டு உங்கள் அத்தையிடம் ஆள் அனுப்பினேன். "வண்டி நிக்கணும்னுதானே இத்தனை பாடு? நின்னுடுச்சுல்ல? என் கதவுல கை வைக்கிற வேலை வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை நேரில் வந்து கேட்டால் மட்டும் மறுக்க மாட்டாள். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் உடனே புறப்பட்டு வரவும். ஒரு சின்னச் சிக்கல்தான் இருக்கிறது. தபால் வண்டி கேட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு நிற்கிறது. தாங்கள் வந்து டிராக்டரை நகர்த்திக் கொடுத்தால், இந்தக் கடிதம் அன்றைக்கே தங்களுக்குப் புறப்பட்டுவிடும்.