தண்ணீர்த் தாங்கியில் ஒரு காதியார்

என் ஆயுளில் ஒரே ஒரு தடவை நான் தொலைக்காட்சியில் வந்திருக்கிறேன். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை அதைப் பார்க்காதவர்கள் இல்லை. பார்க்காத ஒரே ஆள் நான்தான்.

தொண்ணூறுகளில் கொழும்பில் வாரம் ஒரு மேடை நாடகத்தைப் படம்பிடித்து ஒளிபரப்பி வந்தார்கள். எங்கள் ஊர் நாடக மன்றத்துக்கும் அழைப்பு வந்தது. எனக்கு வாய்த்தது காதியார் வேடம். புருஷன் பெண்சாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற நீதிபதி அல்லவா, வயது தெரிய வேண்டுமென்று நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி ஒட்டிவிட்டார்கள். தாடி ஏறியதும் எனக்குத் தலைக்கனமும் ஏறிவிட்டது. (தேநீர் கொண்டு வந்தவருக்குக்கூட ஒரு தீர்ப்புச் சொன்னேன்.)

விளக்குச் சூட்டில் பசை இளகிவிட்டது. "இதுவே என் இறுதித் தீர்ப்பு" என்று நான் விரலை உயர்த்தவும் தாடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். நான் அதைப் பிய்த்து ஜுப்பாப் பைக்குள் வைத்துக்கொண்டு, மழித்த முகத்தோடு மிச்சத் தீர்ப்பையும் சொல்லி முடித்தேன். பெண்சாதியாக நடித்த என் கூட்டாளி முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். (அழுகிறான் என்று நினைத்து எல்லாரும் அவனைத்தான் பாராட்டினார்கள்.)

"திரும்ப எடுக்க நேரமில்லை தம்பி. கவலைப்படாதீங்க, அந்த இடத்தை வெட்டிருவோம்" என்றார் தயாரிப்பாளர்.

வெட்டினாரா இல்லையா என்பதில்தான் என் வாழ்க்கையே தொங்கியது. அப்போது எனக்கு மருதமுனையில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் வாப்பா சாரன் துணி வியாபாரி, ஹாஜியார். அவர் சிரித்து ஒருவரும் கண்டதில்லை. "கூத்தாடுறவனுக்கா என்ட மகளக் குடுக்கிற?" என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர். காதியார் வேடம் என்று என் கூடப்பிறந்த ராத்தாவின் புருஷன் ரஹீம் மச்சான், வேடத்தோடு எடுத்த என் போட்டோவையும் காட்டி எடுத்துச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"மார்க்கமான வேசந்தானே. மாப்பிள்ளையும் வரட்டும், நாடகத்த இஞ்ச இரிந்தே பாப்பம்" என்று சொல்லியனுப்பினார். நிக்காஹுக்கு முன் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. ஆனால் ஹாஜியாரே கூப்பிட்டால் யார் மறுப்பது?

ஒளிபரப்பு நாளன்று மாலை நானும் ரஹீம் மச்சானும் மஹ்ரிப் தொழுதுவிட்டுப் போனோம். கூடத்தில் ஆண்கள், உள்ளறைத் திரைக்குப் பின்னால் பெண்கள். தொலைக்காட்சியில் ஒரே புள்ளி மழை.

"கடல் காத்து அன்டெனாவத் திருப்பிட்டு" என்றார் ஹாஜியார்.

நான் துள்ளி எழுந்தேன். "நீங்க இரிங்க மாமா. நான் பாக்கிறன்."

பார்த்தவர்கள் என் பணிவை மெச்சியிருப்பார்கள். என் கணக்கு வேறு. தாடி விழும் இடத்தை வெட்டாமல் விட்டிருந்தால், அந்த நேரம் பார்த்து அன்டெனாவைத் திருப்பிப் படத்தைக் கெடுத்துவிடலாம். வெட்டியிருந்தால் ஒரு நட்டமுமில்லை. அன்டெனாக் குழாய் கிணற்றடித் தண்ணீர்த் தாங்கியோடு கட்டப்பட்டிருந்தது. புதுக் காற்சட்டையோடு தாங்கியின் மேல் ஏறினேன். ரஹீம் மச்சான் சன்னலில் நின்று உள்ளே இருப்பவர்கள் சொல்வதை எனக்குச் சொன்னார். குழாயைப் பிடித்திருந்தால் படம் நின்றது, விட்டால் மழை பெய்தது. ஆகவே பிடித்தபடியே நின்றேன்.

நாடகத்தின் சத்தம் நன்றாகவே கேட்டது. என் குரல் எனக்கே கிடாய் ஆடு கத்துவதுபோல் இருந்தது. வழக்கு முற்றியது. சாட்சி வந்தது. "இதுவே என்" என்று காதியார் தொடங்கியதும், பிஸ்மில்லாஹ் சொல்லிக் குழாயை அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரே திருப்பாகத் திருப்பினேன்.

உள்ளே பெரிய ஆரவாரம்.

"மச்சான், அசைஞ்சிராதீங்க" என்று கத்தினார் ரஹீம் மச்சான். "கண்ணாடி மாதிரி இரிக்கி. இப்பதான் படமே வந்திரிக்கி."

அட அல்லாஹ்வே. திரும்பவும் கடல் பக்கம் திருப்பப் போனேன். அதற்குள் ஹாஜியாரே சன்னலுக்கு வந்துவிட்டார். "மகன், கைய எடுத்திராதீங்க. அப்பிடியே புடிங்க."

மாமனாராகப் போகிறவரின் முதல் கட்டளை. பிடித்தேன். உள்ளே ஆண்கள் சிரித்தார்கள், திரைக்குப் பின்னால் பெண்களும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் நாடகம் கேட்கவில்லை; சிரித்தது தாடிக்கா, தாங்கியில் நின்ற எனக்கா, தெரியவில்லை. இடையில் கரகரவென்று ஒரு சிரிப்பு. அது ஹாஜியாருடையதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அவர் சிரித்து யார் கேட்டிருக்கிறார்கள்? கை மரத்துப் போனது. அந்தத் தாங்கிக்குள்ளேயே விழுந்துவிடலாமா என்றிருந்தது.

இறங்கி வந்தபோது எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "நல்ல நாடகம் மகன்" என்றார் ஹாஜியார், கல்லில் செதுக்கிய முகத்தோடு. வழியில் மச்சானைக் குடைந்தேன். "எனக்கு ஒங்களப் பாக்கவே நேரம் போயிட்டு. நான் எங்க நாடகம் பாத்த?" என்றார்.

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். ஆனால் பெண்வீட்டிலிருந்து ஓம் என்று பதில் வந்தது. நிக்காஹ் முடிந்து, எங்கள் வழக்கப்படி பெண்வீட்டுக்கே குடிபோனேன். ஊரில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பெண்வீட்டில், தாடி விழுந்ததா என்று எந்த மருமகன் வாய்விட்டுக் கேட்பான்? பதிவு செய்த நாடாவையே பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

"அந்த நாடகங்கள் ஒன்றும் இல்லையே" என்றார் தொலைக்காட்சி நிலைய அலுவலர். "நாடா தட்டுப்பாடு. எல்லாத்துக்கும் மேல வேற வேற பதிஞ்சாச்சு. உங்கட நாடகத்துக்கு மேல சமையல் நிகழ்ச்சி."

போகும்போது அழிந்திருந்தால் நல்லது என்று துஆ கேட்டவன்தான். கேட்டது கிடைத்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. எங்கள் மன்றம் கொழும்பு பார்த்த ஒரே தடவை அது. அதன்மேல் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் மனைவி நஸீராவிடம் முழுக்கதையையும் கொட்டினேன்.

"இதுக்கா கொழும்புக்குப் போன நீங்க? என்னட்டக் கேட்டிரிக்கலாமே" என்றாள். "நல்லா விழுந்திச்சு. ஜுப்பாச் சேப்புக்குள்ள வெச்சதையும் கண்ட நான்."

"கண்டுமா ஓம் எண்டு சொன்ன நீ?"

"கண்டதாலதான். நீங்க அனுப்பின போட்டோவிலயும் அந்தத் தாடிதானே. வாப்பா எனக்கு ஒரு கிழவனத்தான் பாத்திரிக்காரெண்டு அழுதுக்கிட்டு இரிந்தன். தாடி விழப்போய்தான் ஒங்கட மொகம் தெரிஞ்சிச்சு. அந்த நேரம் பாத்துப் படமும் கிளியராகிட்டு."

இது உண்மையா, என்னை மடக்க அவள் கட்டிய கதையா, தெரியாது. நாடா இல்லாத ஊரில் சாட்சியும் அவள்தான், காதியும் அவள்தான். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது மாப்பிள்ளை பேச வந்தால், குடும்பம், தொழில், படிப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளறையிலிருந்து அவள் குரல்தான் முதலில் வரும்: "மாப்பிள்ளைட தாடி மொளச்சதா, ஒட்டினதா?"