தாகப் பேய்க்கு மாத வாடகை

குடிகாரன் குடிப்பதில்லை. அவனுக்குள் குந்தியிருக்கும் தாகப் பேய்தான் குடிக்கிறது. அவன் பாவம், வாயை மட்டும் இரவல் கொடுக்கிறான்! இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவர் புட்டிச்சாமி. ரப்பர் குழாயைக் குடிகாரன் வாயில் வைத்துப் பேயை உறிஞ்சி, கறுப்புப் புட்டியில் அடைத்து, அரக்கு வைத்து அலமாரியில் அடுக்கிவிடுவார். புட்டிக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும். சனங்களுக்குப் புல்லரிக்கும். பேய் அலமாரியில் தங்குவதற்கு மாதாமாதம் வாடகை. வாடகை நின்றால் பேய் வீடு திரும்பிவிடுமாம்.

பேய் போன பிறகும் ஒருவன் குடித்தால்?

"அது வேற பேய். பழசோட தம்பி" என்பார் சாமி. பேய்களுக்கும் கூட்டுக் குடும்பம்தான் போலிருக்கிறது.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இந்தச் சேதி தேனாக இனித்தது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் மேலே ஏற்றிவிடுபவர், தன் வீட்டுப் படியை மட்டும் தவழ்ந்துதான் ஏறுவார். போன வாரம் மகளை டியூஷனிலிருந்து அழைத்துவர மறந்து, அவர் பாட்டுக்கு எங்கேயோ விழுந்து கிடந்தார். பிள்ளை மழையில் நின்றது. மனைவி சத்தம் போடவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி நடந்தா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். அது மெக்கானிக்குக்கும் தெரியும். அன்றிலிருந்து புட்டியைத் தொடவில்லை. ஆனால் கை மட்டும் தேடிக்கொண்டே இருந்தது.

மருத்துவமனை நர்ஸிடம் விசாரித்து, மனைவியே ஓர் இடம் கண்டுபிடித்தாள். பழைய அலுவலகக் கட்டடம், மேல்மாடி அறை. குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் கூடிப் பேசுவார்கள். கட்டணம் இல்லை, தேநீர் உண்டு. மெக்கானிக்கும் ஒழுங்காகத்தான் தேடிப் போனார். ஆனால் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் புட்டிச்சாமி! அங்கே தெருமுனை வரை வரிசை. மாடிப்படியிலோ ஈ காக்கை இல்லை. கூட்டம் இருக்கிற கடையில்தான் சரக்கு நல்லா இருக்கும் என்பது மெக்கானிக்கின் நெடுநாள் அனுபவம். மேலே போனால் வாயைத் திறந்து பேச வேண்டும். கீழே வாயைத் திறந்தால் மட்டும் போதும்.

"முதல்ல பேயை எடுத்துடுவோம். அப்புறம் மாடிக்குப் போறேன்" என்றார் வீட்டுக்கு வந்து.

"சரி. ஆனா அண்ணனும் கூட வருவார். ரெண்டு பேர்ல யாருக்குப் பேய்னு சாமியே சொல்லட்டும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"சாமிக்குத் தெரியாததா!"

அண்ணன் இரவுக் காவலாளி. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு எட்ட வைக்கிற ஆசாமி. வேலை முடிந்து நேரே வந்ததில் கண்கள் கோவைப்பழம், கால்கள் தூக்கத்தில் தள்ளாட்டம். மெக்கானிக்கோ குளித்து, சவரம் செய்து, சலவைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"சாமி, இவர் என் வீட்டுக்காரர், இவர் என் அண்ணன். ஒருத்தரைக் குடி கெடுக்குது. யாருன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

"இதுக்கு ஞானக்கண் எதுக்கும்மா?" சாமி சிரித்தபடி காவலாளியின் தாடையைப் பிடித்தார். "கிழட்டுப் பேய்! மீசை வேற வச்சிருக்கு!" பிறகு மெக்கானிக்கைக் காட்டினார். "இவரு சுத்தத் தங்கம். ஒரு சொட்டு உள்ள போனதில்ல."

காவலாளிக்குத் தூக்கம் தெளிந்தது. "யோவ்! நான் குடிக்கவே மாட்டேன்யா!"

"பார்த்தீங்களா, பேய் பேசுது!"

சீடர்கள் அமுக்கிப் பிடித்தார்கள். குழாய் வாய்க்குள் போனது. புட்டி கடகடத்தது, அரக்கும் வைத்தாயிற்று. வரிசையில் நின்ற ஒருத்தி மெக்கானிக்கைக் காட்டித் தன் புருஷனை இடித்தாள்: "அந்த மனுஷனைப் பார்த்தாவது திருந்துங்க!"

சுத்தத் தங்கத்துக்கு உச்சி குளிர்ந்தது. பேசாமல் நின்றால் போதும், இந்தப் பட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம். மனைவியைப் பார்த்தார். அவள் சாமியைப் பார்க்கவில்லை, இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நிறுத்துங்க சாமி! மச்சான் குடிக்கமாட்டார். குடிகாரன் நான்தான். என் பொண்ணை மழையில நிக்க வச்சது பேய் இல்ல, நான்."

சாமி அவசரமாகக் குழாயைச் சுருட்டினார். "பேய்... ஆள் மாறி உட்கார்ந்துடுச்சு!"

"அப்ப இதுக்குள்ள யாருய்யா?" காவலாளி புட்டியைப் பிடுங்கி அரக்கை உடைத்தார். பேய் நுழைந்துவிடுமே என்று சனங்கள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலிகள் மேல் ஏறினார்கள். புட்டியிலிருந்து ஒரு கருவண்டு நிதானமாக வெளியே வந்தது. மீசை இருந்தது உண்மைதான்.

அப்புறம் அலமாரியில் ஒரு புட்டியும் தப்பவில்லை. "வண்டுக்கா வாடகை கட்டினேன்!" என்று ஒரு கிழவர் அலறினார். சாமி பின்வாசல் வழியே ஓடினார். உண்டியலை மட்டும் மறக்கவில்லை.

படியில் குவிந்திருந்த செருப்புகளை ஒதுக்கிவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் மாடி ஏறினார்கள். வட்டமாகச் சில பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றார் ஒரு தச்சர்.

"கீழ கத்தினது கேட்டிருக்குமே!"

"கேட்டுச்சு," என்று எல்லோரும் சிரித்தார்கள். "இங்கயும் சொல்லுங்க. நாங்க வாராவாரம் சொல்றோம்."

மெக்கானிக் சொன்னார். மனைவி அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கீழே கூட்டம் இன்னும் கலையவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவர் பேயை டப்பாவில் அடைக்கிறாராம். அங்கே போக வழி விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அட புண்ணியவான்களே! மாடிக்குப் படி இருக்கிறது, மண்டைக்குள் மூளை இருக்கிறது. இரண்டு இடத்திலும் கூட்டமே இல்லை. தாராளமாகப் போய் வாருங்கள்!