மேம்பாலத்தில் ஒரு மலைப்பயிற்சி

"மலைப்பாதைப் பயிற்சின்னு போர்டுல போட்டிருக்கே, அது எந்த மலையில தம்பி?"

அரவிந்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். பூதலூரிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்தான். தண்ணீர்த் தொட்டியையும் ரயில்வே மேம்பாலத்தையும் விட்டால் அந்தப் பக்கத்தில் மேடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது.

ஸ்கூல் தொடங்கிய நாளில், போர்டில் 'குந்தவை டிரைவிங் ஸ்கூல்' என்று எழுதி முடித்த பெயின்டர், அடியில் ஒரு முழம் காலியாக இருக்கிறது, அதில் என்ன எழுதட்டும் என்று கேட்டார். ஏதோ ஒரு தோரணையில் அரவிந்தன் சொல்லிவைத்த வரி அது. இத்தனை வருடத்தில் அதை ஒருவரும் வாய்விட்டுப் படித்ததில்லை.

இப்போது படித்தவர் பிரகதாம்பாள். மின்வாரியத்தில் பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சமீபத்தில்தான் மகளோடு தஞ்சாவூர்ப் பக்கம் வந்து சேர்ந்தவர். லைசென்ஸ் எடுத்து ரொம்ப நாளாயிற்று, கைப்பழக்கம் விட்டுப்போயிற்று என்றார்.

"முதல் பாடமெல்லாம் நம்ம மேம்பாலத்துலதான் மேடம். அது கைக்கு வந்துட்டா எந்த மலையும் ஒண்ணுதான்."

"நீங்க நிறைய மலை ஓட்டியிருப்பீங்க."

"எண்ணிக்கை வெச்சுக்கல மேடம்" என்றான் அரவிந்தன். பூஜ்யத்துக்கு எண்ணிக்கை எதற்கு? அவன் வாழ்நாளில் ஏறிய அதிகபட்ச உயரம் சுவாமிமலைக் கோயில் படிகள்தான். அதையும் நடந்துதான் ஏறினான்.

அன்று சாயங்காலம் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். மறுநாள் பாடம் தடையில்லாமல் வந்தது.

"ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டா எஞ்சினே வண்டியப் பிடிச்சு வெச்சுக்கும். அத விட்டுட்டு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினோம்னா சூடேறிப் போயிடும். அப்புறம் நெஜமா தேவைப்படும்போது பிடிக்காது."

"மாட்டை மூக்கணாங்கயிறு பிடிச்சு வாய்க்கால்ல இறக்குற மாதிரி."

"அதேதான் மேடம்." இந்த உவமையை அடுத்த மாணவரிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் முடிந்துகொண்டான்.

மேம்பாலத்தின் உச்சியில் இரண்டாம் கியரைப் போட்டுக் காலை எடுத்தார் பிரகதாம்பாள். எஞ்சின் உறுமியது. கார் பெண்ணழைப்பு ஊர்வலம் மாதிரி இறங்கியது. பின்னால் வைக்கோல் ஏற்றி வந்த குட்டி லாரி, இவர்கள் மெதுவாகப் போவது தெரியாமல் நெருங்கி வந்து, கடைசி நொடியில் கிறீச்சென்று நின்றது. ஒரு கட்டு வைக்கோல் சரிந்து வந்து காரின் தலைமேல் உட்கார்ந்தது.

"வேகத்தைக் குறைக்கிறவன் ஒரு விளக்கு காட்ட மாட்டியா?" என்றார் லாரிக்காரர்.

பிரேக்கை மிதித்தால்தான் பின்விளக்கு எரியும், எஞ்சினை வைத்து வேகத்தைக் குறைத்தால் எரியாது என்பது அரவிந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. வீடியோக்காரர் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, 'மெதுவா வாங்க' என்று மேலும் கீழுமாக ஆட்டினான். பின்னால் வந்த டவுன் பஸ், தன்னை முந்திப் போகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டது. எதிரே டிராக்டர் வந்துகொண்டிருந்தது. மூன்று வண்டிகளும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. கண்டக்டர் இறங்கி வந்து அரவிந்தனின் கையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார்.

அதற்கடுத்த நாள் பின்கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டினான்: 'பிரேக் இல்லாமல் இறங்கும் வண்டி. விலகி வரவும்.'

பாலத்தின் அடியில் போலீஸ்காரர் கை காட்டினார்.

"பிரேக் இல்லாத வண்டிய ஓட்டுறதே தப்பு. அத எழுதி வேற ஒட்டியிருக்க."

"பிரேக் இருக்கு சார். நாங்கதான் போட மாட்டோம்."

"இது அதைவிடத் தப்பு."

பயிற்சிக் கார் என்பதால் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பிரகதாம்பாளை மெதுவாக ஓட்டச் சொல்லி, தன் பக்கத்துப் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்துக் காட்டினான் அரவிந்தன். கார் நின்றது. பிரகதாம்பாளின் கண்ணாடி மட்டும் நிற்காமல் முன்னே போய் விழுந்தது. போலீஸ்காரர் அட்டையைக் கிழித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

ஆனால் ஊர்வாய் விடவில்லை. குந்தவை ஸ்கூல் காருக்கு பிரேக்கே கிடையாதாம் என்ற செய்தி கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, அவன் அம்மா ஆனந்தவல்லியின் காதுக்கு வந்தது. கார் கற்றுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஸ்கூட்டியே போதும் என்று நின்றுவிட்டார்கள்.

இந்த மலைப்பயிற்சிக்கு எப்படியாவது மங்களம் பாடிவிட வேண்டும் என்று அரவிந்தன் முடிவெடுத்தான்.

"மேடம், பாலத்துல கத்துக்க வேண்டியதெல்லாம் கத்துக்கிட்டீங்க. இனிமே நெஜ மலையில போனாத்தான் ஆச்சு."

வயதானவர், அவ்வளவு தூரமா என்று பின்வாங்கிவிடுவார் என்பது அவன் கணக்கு.

"நானே கேக்கணும்னு இருந்தேன் தம்பி. ஞாயித்துக்கிழமை கொல்லிமலைக்குப் போவோம். எழுபது வளைவு இருக்காம். நீங்க பக்கத்துல இருக்கிறப்ப எனக்கென்ன பயம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை அரவிந்தனுக்குக் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் இருந்தபடியே அம்மாவிடம் சொல்லியனுப்பினான். பிரகதாம்பாள் ஒரு தூக்கில் மிளகு ரசத்தோடு வந்து நின்றார்.

"மலைக்காத்து பட்டா சரியாப் போயிடும்" என்றார்.

"ஒரு பொம்பளை தனியா மலைக்குப் போறதா? எழுந்திருடா" என்று ஆனந்தவல்லி போர்வையை உருவினார்.

திருச்சி தாண்டி, நாமக்கல் பக்கம் மலை கண்ணில் பட்டபோது அரவிந்தன் சீட் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். அடிவாரத்தில் ஒரு டீக்கடை வந்தது. குடித்துவிட்டுப் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தான்.

"திரும்பி வரப்ப குடிக்கலாம் தம்பி."

ஏறும்போது பயம் அவ்வளவாகத் தெரியவில்லை, கண்ணை மூடியிருந்ததால். நடுநடுவே "நல்லா ஓட்டறீங்க மேடம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். மேலே அறப்பளீசுவரரிடம் நெடுநேரம் வேண்டிக்கொண்டான். இறங்காமலேயே ஊர் திரும்ப வேறு வழி இருக்கிறதா என்று அர்ச்சகரிடம் விசாரித்தும் பார்த்தான்.

இறங்கத் தொடங்கியதும்தான் கண்ணைத் திறந்தான். பக்கவாட்டில் சாலை இல்லை, ஆகாயம் இருந்தது. வெகு கீழே தெரிந்த தென்னந்தோப்பு கத்தரிக்காய்ப் பாத்தி அளவில் இருந்தது.

பிரகதாம்பாள் பாடப்படி இரண்டாம் கியரில் காலை எடுத்துவிட்டுத்தான் இறங்கினார். ஆனாலும் கார் முக்கி முனகியது. சில வளைவுகள் தாண்டியதும் ஏதோ தீய்ந்த வாடை வந்தது.

"தம்பி, என் காலு பிரேக் மேல இல்ல."

"அப்படியா மேடம்?"

"ஆனா யாரோ மிதிச்சுக்கிட்டே வராங்க."

அரவிந்தன் குனிந்து பார்த்தான். அவன் வலது கால் அவனைக் கேட்காமலே பிரேக்கின் மேல் ஏறி முழுப் பாரத்தோடு நின்றிருந்தது. எடுக்கச் சொன்னான். எடுக்கவில்லை.

அகலமான ஒரு வளைவில் அவர் காரை ஓரங்கட்டினார். முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை எழுந்தது. இருவரும் இறங்கி, கல்லில் உட்கார்ந்து அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரங்கு ஒன்று வந்து புகையை மோந்துவிட்டுப் போயிற்று.

ரசத்தின் மிச்சத்தைக் குடித்துவிட்டு அரவிந்தன் சொன்னான்: "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." மேடம் எப்போது அம்மாவானார் என்று அவனுக்கே தெரியாது. "நான் மலையே ஓட்டினதில்ல. கிட்டத்துல பாக்குறதே இன்னிக்குத்தான். போர்டுல இடம் காலியா இருந்துச்சு, எழுதிட்டேன். உங்கள ஏமாத்திட்டேன். பஸ்ல ஏத்தி விட்டுடறேன், வண்டிய யாரையாவது வெச்சு இறக்கிக்கறேன்."

பிரகதாம்பாள் கோபப்படவில்லை. முந்தானையால் கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார்.

"ஏன் இப்ப சொல்றீங்க? பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"கீழ விழுந்தா ரெண்டு பேரும்தானே விழுவோம். சொல்லாம எப்படி?"

"சரி, ஏறுங்க. சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்துக்கங்க. காலு கீழ வரவே கூடாது."

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவன்போல அரவிந்தன் சம்மணம் போட்டுக்கொண்டான். கார் இறங்கியது. எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது. வளைவுக்கு வளைவு பிரேக்கை ஒரே ஒரு தொடல், ஒரு ஒடிப்பு, மறுபடி அதே சுருதி. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டார். காற்று குளுகுளுவென்று அடித்தது. பாதி மலைக்குக் கீழே அரவிந்தன் பயத்தை மறந்து வேடிக்கை பார்க்கவே ஆரம்பித்துவிட்டான். முக்கால் மலைக்குக் கீழே அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தான் மலையைப் பார்க்காதவனாக இருக்கலாம், ஆனால் மேம்பாலத்தில் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

அடிவாரத்தில், காலையில் கெஞ்சிய அதே டீக்கடை முன்னால் பிரகதாம்பாள் காரை நிறுத்தினார். அரவிந்தன் மரத்துப்போன கால்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வைத்தான். இவ்வளவு நிம்மதியாக அவன் எந்த மண்ணையும் மிதித்ததில்லை.

டீக்கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு டீ ஆற்றிக்கொண்டு வந்து, ஒன்றைப் பிரகதாம்பாளிடம் கொடுத்துவிட்டு அரவிந்தனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, உங்க பொண்ணுக்குப் பாக்குற மூணாவது மாப்பிள்ளை இவருதானா? இதே மாதிரி நீங்க மலையேத்தி இறக்கின போன ரெண்டு பேரும் அடிவாரம் வந்து சேர்ற வரைக்கும் பயமே இல்லன்னு சாதிச்சாங்களே, இவராவது உண்மையச் சொன்னாரா?"