வாயைத் தொடு, நெஞ்சைத் தொடு

அன்னைக்கு எனக்கு ரெண்டே வேலைதான். எங்க ஸ்கூல் நடந்த வாடகை வீட்டோட ஓனரைப் பாத்து இன்னும் ஒரு வருஷம் கேக்கணும். அப்புறம் என் மாணவி செல்வியை அவ வீட்டுல விடணும். ரெண்டு வீடும் பாலக்கோட்டுல. ஒரே பஸ்ல ரெண்டையும் முடிச்சுட்டு வான்னு எங்க தலைமை சிஸ்டர் அனுப்பி வெச்சாங்க.

எண்பதுகள்ல தர்மபுரியில, மூளை வளர்ச்சி மெதுவா இருக்கிற பிள்ளைங்களுக்கான சின்ன ஸ்கூல் எங்களுது. ஓனருக்குத் தக்காளி மண்டி. கூடை அடுக்க இடம் வேணும், காலி பண்ணுங்கன்னு ஆள் மேல ஆள் அனுப்பிட்டு இருந்தார். காலி பண்ணினா பிள்ளைங்களை மரத்தடியிலதான் உக்கார வைக்கணும். ஊருக்குள்ள வேற யாரும் எங்களுக்கு வீடு தர்றதா இல்ல.

செல்விக்கு அப்ப பத்தொம்பது வயசு இருக்கும். எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்குவா. ஒரு தடவை அவ அத்தை விளையாட்டா "போடி"ன்னு சொல்லப் போக, இவ செருப்பை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டா. தேடிப் புடிக்கிறதுக்குள்ள எல்லாருக்கும் உசுரு போயிடுச்சு.

அதனால தினமும் பிள்ளைங்களுக்குக் குரல் பாடம் எடுப்பேன். நான் சுவரைப் பாத்து நின்னுக்கிட்டு, "வேணாம்"ங்கிற ஒரே வார்த்தையைப் பல விதமாச் சொல்லுவேன். நெசமாவே வேணாம்னா பிள்ளைங்க நெஞ்சைத் தொடணும். பேச்சுக்குச் சொன்னா வாயைத் தொடணும். மாசக்கணக்கா கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். செல்வி மட்டும் வாயும் தொட மாட்டா, நெஞ்சும் தொட மாட்டா. மூக்கை நோண்டிக்கிட்டு இருப்பா.

சரி, இவளுக்கு ஏறாதுன்னு நானே முடிவு பண்ணியிருந்தேன்.

ஓனர் வீட்டுக்குள்ள போய் உக்காந்தோம். அவர் வீட்டம்மா காபி குடிக்கிறீங்களான்னு கேட்டாங்க. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. இருந்தாலும் வந்த இடத்துல உடனே சரின்னு சொல்ல முடியுமா?

"வேணாங்க, இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்"னேன்.

பக்கத்துல செல்வியோட விரல் மெதுவாப் போய் வாயைத் தொட்டுச்சு.

"டீச்சர், இது வாய்" அப்படின்னா, சத்தமா.

எனக்கு மானம் போச்சு. ஆனா பாருங்க, உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். பாடம் ஏறிடுச்சே! வீட்டம்மா சிரிச்சுக்கிட்டே காபி போடப் போனாங்க.

ஓனர் தொண்டையைச் செருமினார். உங்க சேவை மேல எனக்கு ரொம்ப மரியாதைங்கன்னார்.

செல்வி வாயைத் தொட்டா.

கூடைங்களுக்கு வேற வழியில்ல, இல்லாட்டி நான் போகச் சொல்வனான்னார். மறுபடியும் வாய். இது என்ன சைகைன்னு அவர் கேட்டார். பல்லு வலின்னு சமாளிச்சேன். அதுக்கும் வாய்! நான் மேசைக்கடியில அவ காலை லேசா மிதிச்சேன்.

"ஏன் டீச்சர் மிதிக்கறீங்க?"

அதுக்கப்புறம் மறைக்க என்ன இருக்கு? பாடத்தை முழுசா அவருக்கு விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் மூஞ்சி அவர் மண்டித் தக்காளி மாதிரி சிவந்துச்சு.

"அப்ப நான் பேசினதெல்லாம் பொய்னு சொல்றீங்களா? இனி ஒரு நாளும் கெடையாது. என் வூட்ட காலி பண்ணுங்க. எந்திரிச்சுப் போங்க மொதல்ல!"

நான் எந்திரிச்சுட்டேன். "போ"ன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போற செல்வி மட்டும் எந்திரிக்கல. அதுக்குள்ள வந்திருந்த காபியை ஊதி ஒரு வாய் குடிச்சா. அவரை நல்லாப் பாத்தா. வாயைத் தொட்டா.

தப்பு. அந்தப் "போங்க" நூத்துக்கு நூறு நெஞ்சுலேர்ந்து வந்ததுன்னு எனக்கே தெரியுது. சரியா இந்த நேரம் பாத்தா இவ தப்பு பண்ணணும்? ஒரு வருஷம் போச்சு, ஸ்கூல் போச்சுன்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

காபித் தட்டோட நின்ன வீட்டம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

"அந்தப் புள்ள சரியாத்தாங்க சொல்லுது. கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து என்னையுந்தான் போ போங்கறீங்க. நான் எங்க போயிட்டேன்?"

அவர் பொண்டாட்டியைப் பாத்தார். செல்வியைப் பாத்தார். மண்டிக்குப் பக்கத்து மளிகைக் கடைக்காரரோட பின்கட்டு சும்மாதானே கிடக்குன்னு வீட்டம்மா எடுத்துக் கொடுத்தாங்க. கூடையை அங்க அடுக்கிக்கலாமாம்.

"சரி, இன்னும் ஒரு வருசம் இருந்து தொலைங்க" அப்படின்னார், எங்கயோ பாத்துக்கிட்டு.

வார்த்தை என்னவோ வசவுதான். செல்வி கை நெஞ்சுக்குப் போச்சு. அவ பக்கத்துல நின்ன என் கையும் தன்னால அங்கதான் போச்சு.

கிளம்புறப்ப வாசல் வரைக்கும் வந்து, "அடிக்கடி வந்து போங்க"ன்னார் ஓனர். செல்வி விரலைத் தூக்கினா. அது எங்க போய் நிக்கும்னு பாக்குற தைரியம் எனக்கில்ல. அவ ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு தெருமுனை வரைக்கும் விடவே இல்ல.

செல்வி வீட்டுல அவ அம்மா, "காபி குடிக்கறீங்களா டீச்சர்?"னு கேட்டாங்க. செல்வி என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா.

"குடிக்கறேங்க. சாப்பாடு இருந்தா அதையும் போடுங்க"ன்னேன்.